மரிக்காருக்கு எதிரே இருந்தவர்கள்

கடந்த ஆண்டு தமிழ்த் தினப் போட்டிக்காக எமது பாடசாலையில் ஒரு குறுநாடகம் பழக்கிக்கொண்டிருந்தேன். உடப்புசல்லாவைப் பக்கம் மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். வகுப்பறையில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் ஒத்திகை. நாடகத்தில் ஒரு கடை முதலாளி வருகிறார், அவர் முஸ்லிம். அந்த வேடத்தை ஏற்ற தோட்டத்துப் பையன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சாரத்தை உயர்த்திக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்ததும் "நம்பள்கி, நிம்பள்கி" என்று பேச ஆரம்பித்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பசாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் ஒருவனும் அங்கே இருந்தான். அவனும் சேர்ந்துதான் சிரித்தான். பிறகு மெல்ல என் பக்கம் வந்து, "சேர், நாங்க இப்பிடியா பேசுற?" என்று கேட்டான்.

நடித்த பையனைக் கூப்பிட்டு விசாரித்தேன். "சும்மா சிரிப்புக்குத்தாங்க சேர்" என்றான். அவன் தினமும் சாமான் வாங்குவது ஒரு முஸ்லிம் கடையில். அந்த முதலாளி பேசும் பேச்சு அவன் காதில் நாள் தவறாமல் விழுகிறது. ஆனால் 'முஸ்லிம் வேடம்' என்றவுடன் அவன் நாவில் வந்தது இந்தியத் தமிழ்ப் படங்களின் பழைய நகைச்சுவைக் காட்சிகளில் வரும் பேச்சு. இலங்கையில் எந்த முஸ்லிமும் அப்படிப் பேசுவதில்லை. பக்கத்துக் கடையில் கேட்டதைத் திரையில் கேட்டது அழித்துவிட்டது.

அன்று இரவு எனக்கு மரிக்கார் ராமதாஸின் ஞாபகம் வந்தது.

எஸ். ராமதாஸ் என்ற கலைஞரை இன்றைய இளம் வாசகர்கள் பலர் அறியார். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் ஒலிபரப்பில் 1970களில் புகழ்பெற்றிருந்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற நகைச்சுவைத் தொடர் நாடகத்தை எழுதியவர் அவர். அதில் மரிக்கார் என்ற முஸ்லிம் பாத்திரத்தை ஏற்று நடித்தவரும் அவரே. அவருடன் ரி. ராஜகோபால் அப்புக்குட்டி என்ற யாழ்ப்பாணத்தவராகவும், எஸ். செல்வசேகரன் தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசும் உபாலி என்ற சிங்களவராகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தார்கள். வானொலியில் கிடைத்த வரவேற்பினால் அது 'கோமாளிகள்' என்ற பெயரில் திரைப்படமாகி 1976ஆம் ஆண்டு வெளிவந்தது. எஸ். இராமநாதன் இயக்கினார். ஈழத்துத் தமிழ்ப் படங்கள் திரையரங்குக்கு வந்த வேகத்தில் திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நன்றாக ஓடிய ஒரு சில படங்களுள் இதுவும் ஒன்று. 1978இல் 'ஏமாளிகள்' வந்தது. பின்னர் மேடை, தொலைக்காட்சி என்று ராமதாஸ் தொடர்ந்து இயங்கினார். 2016 ஜூலையில் சென்னையில் காலமானார். உபாலி செல்வசேகரன் அவருக்கு முன்னதாகவே, 2012இல், மறைந்திருந்தார்.

அந்தத் தொடர் ஒலிபரப்பான காலத்தில் நான் பிறந்திருக்கவில்லை. எனக்கு அது வாப்பா வழியாக வந்த சொத்து. உடப்புசல்லாவை பசாரில் அவருக்கு ஒரு சிறிய தையல் கடை இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் வானொலிப் பெட்டி. மரிக்கார் வரும் நேரத்தில் கடை வாசலில் ஆட்கள் கூடிவிடுவார்களாம். தோட்டத்திலிருந்து துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களும் நிற்பார்களாம், சிங்களக் கடைக்காரர்களும் நிற்பார்களாம். வாப்பா நெடுங்காலம் ராமதாஸை ஒரு முஸ்லிம் என்றே நம்பியிருந்தார். "அவர் எங்கட ஆளுதான் மகன். பேச்சில வெளங்குதுதானே" என்பார். அவர் இந்து என்று யாரோ சொன்னபோது வாப்பாவுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியந்தான் வந்தது. "அப்ப அவர் எங்களோட நல்லாப் பழகியிருக்கோணும்" என்றாராம். ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய விமர்சனக் குறிப்பை நான் எங்கும் வாசித்ததில்லை.

வாப்பா சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களின் பேச்சுத் தமிழைப் பிறர் நடிக்கும்போது இரண்டு வழிகளில் நடிக்கலாம். ஒன்று, நான்கைந்து சொற்களைப் பொறுக்கி எடுத்து எல்லா வசனத்திலும் தூவிவிடுவது. வாப்பா, உம்மா, காக்கா என்று சொல்லிவிட்டால் முஸ்லிம் ஆகிவிடலாம் என்ற எண்ணம். மற்றது, அந்தப் பேச்சின் ஓட்டத்தைப் பிடிப்பது. 'இருக்கிறது' என்பது எங்கே 'ஈக்கி' ஆகிறது, 'சொல்' எப்படிச் 'செல்' ஆகிறது, கேள்வி கேட்கும்போது குரல் எந்த இடத்தில் ஏறுகிறது, சினம் வரும்போது மரியாதைச் சொல் எப்படிக் கூடுகிறது என்பதையெல்லாம் காதால் படிப்பது. முதலாவது வழிக்குச் சொற்பட்டியல் போதும். இரண்டாவதுக்கு ஒரு சமூகத்தின் கடை வாசலில் நெடுநேரம் நின்றிருக்க வேண்டும். ராமதாஸ் நின்றவர். அதனாற்றான் அப்பாத்திரத்தின் பெயரே அவருடைய பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. ஓர் இந்துக் கலைஞர் இறக்கும்வரை 'மரிக்கார் ராமதாஸ்' என்று அழைக்கப்பட்டார் என்பது எமது கலை வரலாற்றில் சாதாரண செய்தியன்று.

ஆனால் ஒரு நடிகரின் திறமை மாத்திரமே இந்த நாடகத்தைக் காப்பாற்றியது என்று நான் கருதவில்லை. மரிக்கார் தனியே பேசவில்லை. அவருக்கு எதிரே அப்புக்குட்டி இருந்தார், உபாலி இருந்தார், ஐயர் இருந்தார். நால்வர் பேச்சும் நாலு கோணல். யாருடைய பேச்சும் அங்கே 'சரியான தமிழ்' இல்லை. மரிக்காரின் பேச்சைக் கேட்டுச் சிரித்த யாழ்ப்பாணத்து நேயர் அடுத்த நிமிடமே அப்புக்குட்டியின் பேச்சில் தன்னைக் கேட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்து ஒருவர் முஸ்லிமாக நடித்த அதே நாடகத்தில், முஸ்லிம் ஒருவர் ஐயராக நடித்தார். அப்துல் ஹமீத் என்ற பெயரை நாடறிந்திருந்தும் அவருடைய ஐயரை நேயர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கடன் வாங்கியவர்களே கடன் கொடுத்தவர்களாகவும் இருந்தார்கள். அந்தச் சிரிப்பில் வஞ்சம் சேராமைக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் காரணம் என்பது எனது கருத்து.

இதை விளங்கிக்கொள்ள ஆங்கிலேய நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1925இல் பிறந்து 1980இல் மறைந்தவர். இவரும் ராமதாஸைப் போலவே வானொலியில் குரலால் வளர்ந்தவர். 1951 முதல் 1960 வரை பிபிசியில் ஒலிபரப்பான 'த கூன் ஷோ' என்ற நிகழ்ச்சியில் ஒரே ஆள் பல பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார். அதற்கு முன்னர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரித்தானிய விமானப்படையின் கலைக்குழுவில் சேர்ந்து இந்தியா, பர்மா, எமது இலங்கை ஆகிய நாடுகளுக்கு வந்து படையினருக்கு நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறார்.

1960இல் வெளிவந்த 'த மில்லியனரஸ்' என்ற படத்தில் அவர் முகத்துக்கு மண்ணிற மை பூசிக்கொண்டு அஹ்மத் அல் கபீர் என்ற முஸ்லிம் வைத்தியராக நடித்தார். பெர்னாட் ஷோவின் மூல நாடகத்தில் எகிப்தியராக இருந்த அந்த வைத்தியர் படத்தில் இந்தியராக மாறினார். அப்படத்தை விளம்பரப்படுத்த சோபியா லோரனுடன் சேர்ந்து அவர் பாடிய 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' என்ற பாட்டு பிரித்தானியாவில் வீட்டுக்கு வீடு ஒலித்தது. 1968இல் 'த பார்ட்டி' என்ற படத்தில் மீண்டும் ஓர் இந்தியர் வேடம். செல்லர்ஸ் பெரிய கலைஞர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவருடைய வைத்தியர் கபீர் கெட்டவரும் அல்லர். அந்தப் படத்தில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்யும் நல்ல மனிதர் அவர்தான். என்றாலும் குறை எங்கே? கபீருக்கு எதிரே, ஆங்கிலேயர் ஒருவரின் வேடத்தைப் போட்டுக்கொண்டு ஓர் இந்திய நடிகர் இருக்கவில்லை. கடன் ஒரு பக்கமாகவே போயிற்று. அந்தப் பாட்டின் இராகத்தையும் தலையாட்டலையும் பிரித்தானியப் பாடசாலைகளில் ஆசியப் பிள்ளைகள் பட்ட கேலியாகத் திருப்பிச் செலுத்த நேர்ந்தது.

அந்தக் கடன் தீர்வதற்கு முப்பத்தாறு வருடங்கள் சென்றன. 1996இல் சஞ்சீவ் பாஸ்கர், மீரா சயால் முதலிய பிரித்தானிய ஆசியக் கலைஞர்கள் பிபிசி வானொலியில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். 1998இல் அது தொலைக்காட்சிக்கும் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'. தம்மைக் கேலி செய்யப் பயன்பட்ட பாட்டின் பெயரையே எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள். அதில் ஒரு காட்சி: ஆங்கிலேயர் இந்திய உணவகத்துக்குப் போய்க் குடித்துவிட்டுக் கும்மாளமிடுவது போல, இந்திய இளைஞர் கூட்டம் ஒன்று ஆங்கில உணவகத்துக்குப் போய், இருப்பதில் ஆகச் சப்பென்ற சாப்பாடு எது என்று கேட்கிறது. எதிரே இல்லாதிருந்த நாற்காலியை அவர்கள் தாமே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள்.

ராமதாஸின் நாடகத்தில் அந்த நாற்காலி முதல் நாளே போடப்பட்டிருந்தது என்பதுதான் அவரது பெருமை. செல்லர்ஸுக்குக் கிடைத்த பணமோ உலகப் புகழோ அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் செல்லர்ஸின் எழுத்தாளர்கள் யோசிக்காத ஒன்றை இந்தக் கொழும்புக் கலைஞர் யோசித்திருந்தார். அவரை வெறும் நடிகராக மட்டும் நினைவுகூர்வது போதாது என்று நான் சொல்வது இதனாலேயே. நால்வரையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து சமமாகப் பேசவிட்டது நடிப்பல்ல, எழுத்து. மரிக்கார் என்ற நடிகரின் புகழ் ராமதாஸ் என்ற நாடகாசிரியரை மறைத்துவிட்டது.

இனி, குறையையும் சொல்ல வேண்டும். விமர்சனம் என்றால் மாலை போடுவது மட்டுமன்று.

அந்த நால்வரில் மலையகத் தமிழர் இல்லை. யாழ்ப்பாணத்தவருக்கும் முஸ்லிமுக்கும் சிங்களவருக்கும் ஐயருக்கும் இடமிருந்த சபையில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளின் மகனுக்கு நாற்காலி போடப்படவில்லை. எனது வாப்பாவின் கடை வாசலில் நின்று அவர்களும் சிரித்தார்கள். ஆனால் தங்கள் பேச்சை அங்கே அவர்கள் கேட்கவில்லை. 'கோமாளிகள்' வருவதற்கு ஒரு வருடம் முன்னர், 1975இல், வி. பி. கணேசன் தயாரிப்பில் 'புதிய காற்று' வந்தது. தெளிவத்தை ஜோசப் எழுதிய அப்படம் தோட்ட மக்களின் வாழ்வைப் பேசியது. அவர்களது துயரத்துக்குத் திரையில் இடம் கிடைத்தது. சிரிக்கும் சபையில் சமமாக உட்கார இடம் கிடைக்கவில்லை. ஒரு மக்களுக்காக இரங்குவது இலகு. அவர்களோடு சேர்ந்து சிரிப்பதற்கு அவர்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று நானே யோசித்ததுண்டு. ஆசிரியர் கலாசாலையில் நான் படித்த காலத்தில் விடுதி நண்பர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'மரிக்கார்'. நான் 'ஈக்கி' என்று சொல்லிவிட்டால் போதும், அறை முழுவதும் திருப்பிச் சொல்லும். அந்த நாடகத்தை அவர்களில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அப்புக்குட்டியும் உபாலியும் ஐயரும் மறக்கப்பட்டு, எதிரே ஆளில்லாத வெறும் மரிக்கார் மட்டும் ஒரு கேலிச் சொல்லாக எஞ்சியிருந்தார். அப்போது நான் ராமதாஸை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. எமது அறையில் தோட்டப்புறத்திலிருந்து வந்த ஒரு நண்பர் இருந்தார். நல்ல குரல்வளம் உடையவர். விடுதியில் ஒரு கலை இரவு. என் மீது விழுந்திருந்த சிரிப்பை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில், நான் மேடையேறி அவருடைய பேச்சைப் போலவே பேசிக் காட்டினேன். பிரட்டுக்களத்தில் கங்காணி பெயர் கூப்பிடுவது போல ஒரு காட்சி. நல்ல கைதட்டல் கிடைத்தது. அவரும் முன்வரிசையில் இருந்து சிரித்தார். அதற்குப் பிறகு கலாசாலையை விட்டுப் போகும்வரை அவர் ஒரு மேடையிலும் ஏறவில்லை. எனக்கு யாரும் தண்டனை தரவில்லை. எனக்கு நியமனம் கிடைத்தது தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையில் என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனவே பிறர் பேச்சை நடிக்கலாமா கூடாதா என்று கேட்பதில் பயனில்லை. நடிக்கவே கூடாது என்றால் ராமதாஸும் இல்லை, அப்துல் ஹமீதின் ஐயரும் இல்லை. எமது பக்கத்து வீட்டாரின் பேச்சு எமக்கு என்றைக்கும் வெறும் சத்தமாகவே இருக்கும். கேட்க வேண்டியது வேறு. நடிக்கப்படுகிறவனுக்குத் திருப்பி நடிக்க இடமிருக்கிறதா? சபையில் அவனுக்கு ஒரு நாற்காலி இருக்கிறதா? 'கோமாளிகளின் கும்மாளம்' சிரிக்க வைத்த தேசத்தில் 1983 ஜூலை வந்தது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அப்புக்குட்டியும் உபாலியும் மரிக்காரும் ஒருவரையொருவர் கேலி பண்ணிக்கொண்டு ஒரே வாங்கில் இருந்த காட்சியை அதற்குப் பிறகு அதே மனதோடு கேட்க முடியுமா என்பது கடினமான கேள்வி. ஒரு நகைச்சுவை நாடகம் கலவரத்தைத் தடுக்கும் என்று நான் சொல்லவரவில்லை. அது தடுக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு சபை இருந்தது, நாடு முழுவதும் அதைக் கேட்டுச் சிரித்தது என்பதும் நடந்த விடயந்தான். எமது பிள்ளைகளுக்குக் கலவரங்களின் ஆண்டுகள் தெரிகின்றன. இது தெரிவதில்லை.

இங்கே எமது எழுத்தாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எமது பேச்சை ஒரு ராமதாஸ் வந்து நாடறியச் செய்தார். அதற்காக நன்றி சொல்வோம். ஆனால் எமது சிறுகதைகளிலும் நாடகங்களிலும் முஸ்லிம் பாத்திரங்கள் பெரும்பாலும் பத்திரிகைத் தமிழில்தான் பேசுகிறார்கள். அல்லது உபதேசம் செய்கிறார்கள். சிரிப்பதில்லை. பேச்சுத் தமிழில் எழுதினால் பிறர் கேலி செய்வார்களோ என்ற கூச்சம் எமக்கு. நாம் எழுதாமல் விட்ட இடத்தைத்தான் 'நம்பள்கி நிம்பள்கி' வந்து நிரப்புகிறது. பெருநாள் காலையில் ஒரு வீட்டில் நடக்கும் கூத்தை, கல்யாண வீட்டுச் சஹனைச் சுற்றியிருந்து சாப்பிடும் ஆறு பேரின் வம்பை எமது நாவாலேயே எழுதுவோம். அதில் ஒரு தோட்டத்து நண்பரும் ஒரு சிங்கள அயலவரும் வரட்டும். அவர்கள் எங்களைக் கேலி செய்யவும் இடம் வைப்போம்.

ஒத்திகைக்குத் திரும்புகிறேன். மறுநாள் அந்த இரண்டு பையன்களையும் கூப்பிட்டு வேடங்களை மாற்றிவிட்டேன். பசார்ப் பையன் கங்காணி. தோட்டத்துப் பையன் முதலாளி. ஒரே நிபந்தனை: மற்றவனுடைய வீட்டார் பேசுவதைப் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும். நான்கு நாட்கள் தோட்டத்துப் பையன் அந்தக் கடையில் போய் நின்றிருக்கிறான். மற்றவன் லயத்துக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்திருக்கிறான். ஐந்தாம் நாள் ஒத்திகையில் தோட்டத்துப் பையன் முதலாளியாக வந்து, "ஏன் மகன், காசு நாளக்கித் தாறன் எண்டு செல்லிட்டுப் பெய்த்த ஆளு, இப்பதான் வழி தெரிஞ்சா?" என்றபோது முதலில் சிரித்தது பசார்ப் பையன்தான். "சேர், இது எங்கட மூத்தப்பா!" என்றான்.

கங்காணி வேடம் அவ்வளவு இலகுவாக அமையவில்லை. அந்தப் பையன் பேசப் பேச, பின்வாங்கில் இருந்த சில தோட்டத்துப் பிள்ளைகள் முகத்தை இறுக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். நிறுத்திவிட்டு, எது பிழை என்று அவர்களையே கேட்டேன். ஒரு மாணவி எழுந்து, "எங்க தாத்தா கங்காணிங்க சேர். அவரு இப்படிக் கத்த மாட்டாரு" என்றாள். பிறகு அவளே முன்னால் வந்து, அவர் எப்படிப் பேசுவார் என்று பேசிக் காட்டினாள். அதுவரை என் வகுப்பில் வாய் திறந்து நான்கு வார்த்தை பேசியிராத பிள்ளை.

வலய மட்டப் போட்டியில் எமக்குப் பரிசு கிடைக்கவில்லை. நடுவர்கள் 'கொச்சைத் தமிழ்' என்று குறிப்பெழுதியிருந்தார்கள். அந்த மாணவி இந்த வருடமும் நாடகத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள்.